நாலரை வோல்ட்

திரவியம் அண்ணாச்சி பெட்டியை மேசையில் வைத்த விதத்திலேயே
கோபம் தெரிந்தது.
"ராத்திரி நாப்பது வாழை போச்சு தாயி.
பன்னி கிண்டிப் போட்டுட்டு.
ஒன் வெளக்கு பத்து மணிக்கே அணைஞ்சிட்டு.
சிப்பு செத்துட்டு, வேற போடு."

களக்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஆறடிக்கு எட்டடி என் கடை.
மேசை சப்ளையில் மாட்டிப் பார்த்தேன்.
சுணக்கமே இல்லை,
முழுசாக ஒரு ஆம்பியர் இழுத்தது.
செத்தது சிப்பு இல்லை.

மீட்டரைப் பையில் போட்டு
ஸ்கூட்டரில் அவர் பின்னால் போனேன்.
மலையடிவாரத்தில் விளை.
பேனல், மோட்டார் ரூம் கூரைமேல்.
விளக்கு, பன்னி நுழைகிற கீழ வரப்பில்.
நடுவே அறுபது மீட்டருக்கு
கொடைக்குச் சீரியல் பல்பு கட்டுவார்களே
அந்த நூல் வயர்.

பெட்டியைக் கழற்றிவிட்டு
வயர் நுனியில் மீட்டரை வைத்தேன்: ஆறு.
"பாத்தியா, ஆறு இருக்குல்லா!"

கேட்காதவரை
எல்லார் கையிலும் ஆறு இருக்கும்.

பெட்டியை மாட்டினேன்.
நாலரை.
அங்கேயே நின்றது.

ஒரு ஆம்பியர் வேண்டுமென்றுதான் தொடங்குகிறது.
கேட்கக் கேட்க
வழியிலேயே வயர் தின்றுவிடுகிறது.
நாலரைக்குக் கீழே இழுத்தால்
வருகிறதும் படுத்துவிடும்.
ஆகவே கேள்வியை இறக்குகிறது:
எண்ணூறு மில்லி,
ஐந்நூறு,
முந்நூறு.
முந்நூறில் கோடு நிலைக்கிறது.
அதை வைத்துக்கொண்டு
வெயில் சாயும்வரை
சத்தமில்லாமல் சேர்க்கிறது.

"பயப்படுதோ?" என்றார்.

பயமும் இல்லை அண்ணாச்சி, தாட்சண்யமும் இல்லை.
உள்ளே ஒரு தராசு.
ஒரு தட்டில் நாலரை, மறு தட்டில் வருவது.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

போன வருசம் வள்ளியூரில் மலிவாக வாங்கிவந்தாரே,
அந்தப் பெட்டியில் தராசு கிடையாது.
முழு ஆம்பியரையும் ஒரே இழுப்பாக இழுக்கும்.
வோல்ட் சரியும், தானும் அணையும்.
அணைந்ததும் ஆறு திரும்பும்,
விழித்துக்கொண்டு மறுபடி இழுக்கும்.
பகல் முழுக்கச் சிவப்புக் கண்
சிமிட்டியபடி கிடந்தது.
"மும்முரமா வேலை பாக்குன்னுல்லா நெனச்சேன்" என்றார்.
அந்தியில் பேட்டரி காலி.

இந்தப் பெட்டிக்கு இன்னும் எண்ணூறு ரூபாய் தரவேண்டும்.
வழியெல்லாம் அதை நாக்கில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.
கேட்டும்விட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை.
தோட்டத்துப் பக்கம் திரும்பினார்.
கிழங்கு வெளியே, குருத்து மண்ணில்,
குலை தள்ள ஒரு மாசமே இருந்த ஏத்தன்கள்.
கறை காய்ந்து கறுத்திருந்தது.

எனக்குள் தராசெல்லாம் ஒன்றுமில்லை.
கடை வாடகை இருக்கிறது.
செவ்வாய்க்கிழமை குழுக் கடன் இருக்கிறது.
ஆனாலும் வாய்,
"இருநூறு இருந்தாத் தாங்க" என்றது.
நூற்றைம்பது தந்தார்,
மடியில் கிடந்து வேர்வையில் நனைந்த நோட்டுகள்.
போதாதுதான். வாங்கிக்கொண்டேன்.

தடித்த வயருக்கு விலை சொன்னேன்,
தலையை ஆட்டிவிட்டார்.
பேனலையே வரப்புக்குக் கொண்டுபோகலாம் என்றேன்.
"களவு போயிரும்."
கொஞ்சநேரம் கழித்து அவரே,
"காலைல கொண்டாந்து வச்சி
பொழுது அடையயில எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

ரெண்டு கல்லுக்கு நடுவே சாய்த்து நிறுத்தினோம்.
அரையடி வயர்.
ஐந்தரை வோல்ட், ஒரு ஆம்பியர்.
அண்ணாச்சி மீட்டரைக் குனிந்து பார்த்தார்,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவது மாதிரி
அதன் முகத்தைத் தொட்டார்.

அப்போது மேற்கே மலையிலிருந்து
ஒரு மேகம் இறங்கி வாழைமேல் வந்தது.
வோல்ட் நாலரைக்கு வந்து நின்றுகொள்ள
ஆம்பியர் மட்டும் படி இறங்கியது:
எழுநூறு, நானூறு, முந்நூற்றிப்பத்து.
"போச்சா?"
"இருங்க."

நிழல் வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று.
யாரும் சொல்லாமலே
அது மறுபடி ஏறத் தொடங்கியது.
நானூறு.
ஐந்நூற்றி அறுபது.
முழு ஆம்பியர் தொடும்வரை
ரெண்டுபேரும் நின்றிருந்தோம்.
பிறகுதான் மீட்டரை அணைத்தேன்.