ஒன்பதாவது ஃபியூஸ்

எல் ஆல்ட்டோ. காலை நான்கு, உறைபனி.
வில்மா சோக்கேயின் மினிபஸ்
மறுபடி தும்மக்கூட இல்லை.
"புது பேட்டரி. நீ விற்றதுதானே?"
என்றாள், திருடனைப் பார்ப்பதுபோல.

சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றி
இடையில் மீட்டரைக் கோத்தேன்.
சாவி அவள் கையில், கதவெல்லாம் அடைத்தாயிற்று,
இருந்தும் புள்ளி நான்கு ஆம்பியரை
யாரோ உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
ஒன்பதாவதில் எண் விழுந்தது.

டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு குட்டி பல்பு.
மூடினால் அணைகிறதா?
திறந்து பார்த்தால் எரியத்தான் எரியும்.
அவள் போனை வீடியோவில் விட்டு
உள்ளே வைத்து மூடினோம்.

பிறகு தலை முட்டப் பார்த்தோம்:
சாத்திய பெட்டிக்குள் நண்பகல்.
ஒரு சீப்பு, கோக்கா இலைப் பை,
கட்டாத அபராதச் சீட்டு மூன்று,
யாருமே பார்க்காமல் பளிச்சென்று.

"சீட்டை நீ பார்க்கல" என்றாள்.