எந்த ஃபேர்வியூ

தவறு என்னுடையது. மறைக்கவில்லை.
ஜார்ஜியாவில், கல் அறுக்கும் பட்டறையின் அலுவலறையில்,
வெள்ளிக்கிழமை மாலை, ஐந்தடிக்கப் பத்து நிமிடம்,
தூள் படிந்த விசைப்பலகையில்
எம் தட்டி, டி தட்ட வேண்டிய இடத்தில்
ஓ தட்டினேன்.
மான்டானா மிசௌரி ஆயிற்று.
ஊர்ப்பெயர் மாறவில்லை, அதுதான் வினை.
இரண்டிலும் ஃபேர்வியூ.

நானூறு கிலோ சாம்பல் நிறக் கல்.
இடப்பக்கம் ஆர்னி ட்வெட், இரண்டு வருடங்கள்.
வலப்பக்கம் மனைவி சோல்வே:
பிறந்த வருடம், ஒரு கோடு,
கோட்டுக்குப் பின் வெறும் கல்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.
கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வெர்லின் பர்செல்.
"அம்மா, இந்தப் பெயரில் இங்கே யாரும் சாகவில்லை.
பிறக்கவும் இல்லை, பதிவேட்டைப் பார்த்துவிட்டேன்.
லாரிக்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டான்."

மான்டானாவுக்கு அழைத்தேன், நாக்கு உலர.
சோல்வே குறுக்கிடாமல் கேட்டாள்.
பின்னால் கெட்டில் கூவிக்கொண்டிருந்தது.
"இங்கே மண் இரும்பாகிவிட்டது,
ஏப்ரல் வரை கடப்பாரை இறங்காது.
குளிர்காலத்தைக் கல்லாவது தெற்கே கழிக்கட்டும்.
கிழங்கு அறுவடை முடியட்டும், போகலாம் என்பார்.
நாற்பது வருடம் கிழங்கு முடியவில்லை."

முகம் தரையில் படப் போட
வெர்லினுக்கு மனம் ஒப்பவில்லையாம்.
வேலியோரம், மற்றவற்றைப் போலவே
கிழக்குப் பார்க்க நிறுத்தினார்.
கிறிஸ்துமஸுக்கு யாரோ பிளாஸ்டிக் பூ வைத்தார்கள்,
தம்பிக்கு வைத்ததில் மிஞ்சியது.
பனி விழுந்த அன்று கல்லைத் துடைத்துவிட்டு
என்னை அழைத்தார்:
"கோட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லையே, இவள் இருக்கிறாளா?"
இருக்கிறாள் என்றேன்.
நல்லது என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு அட்லஸின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன்.
எறும்பு எழுத்தில் ஃபேர்வியூ, ஃபேர்வியூ, ஃபேர்வியூ,
அரைப் பத்திக்கு.
ஒவ்வொரு மேட்டிலும் யாரோ வண்டியை நிறுத்தி
முதுகை நிமிர்த்தி
பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது
என்றிருக்க வேண்டும்.
அச்சு முறிந்த பிறகு வேறென்ன சொல்வது?

வெர்லினிடம் கேட்டேன், அங்கே என்ன தெரியும்?
"தானியக் குதிர். அதற்குப் பின்னால் இன்னொரு குதிர்."
சோல்வேயிடம் கேட்டேன்.
"சர்க்கரை ஆலைப் புகை.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
ஆலையும் தெரியாது."

ஏப்ரலில் கல் வடக்கே போயிற்று, வாடகை என் சம்பளத்தில்.
வேலியோரம் வெளிறிய புல்லில் ஒரு நீள்சதுரம்.
வெர்லின் இன்னமும் அதைச் சுற்றித்தான்
புல்வெட்டியை ஓட்டுகிறாராம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

சோல்வே அவருக்கு ஒரு பை சர்க்கரை அனுப்பினாள்.
அனுப்புநர், ஃபேர்வியூ.
பெறுநர், ஃபேர்வியூ.
ஒன்பதாம் நாள் பை அவள் வாசலிலேயே வந்து நின்றது,
ஒரு மூலை கிழிந்து, சற்றே இளைத்து.

தபால்காரரைத் திட்டவில்லை, என்னைத்தான் அழைத்தாள்.
"பெண்ணே, இதை எப்படி எழுத வேண்டும், சொல்."
மாநிலத்தை முழுதாக எழுதுங்கள் என்றேன்.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்,
மெதுவாக, ஒவ்வொன்றாக.
அந்த முனையில் பேனா நகர்வது கேட்டது.