லக்கேஜ் டிக்கெட்

செக்காலை ரோட்டில்
ஷட்டர் பாதி ஏறிய லேப்.
முதல் நடைக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
இடது கையைக் கொடுத்தேன்;
வலது கை வேலைக்கு வேண்டும்.

ஜெசிந்தா பேசாமல் குத்துகிறவள்.
இன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டேன்,
அந்த ஒல்லிக் குழாயில் என்னதான் பார்ப்பீர்கள் என்று.
'நட்டு வைப்போம் சார், ஒரு மணி நேரம்.
சிவப்பு எவ்வளவு கீழ இறங்குதுன்னு பாப்போம்.
குடல்ல புண்ணு எரியுறப்ப
அணுவெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி
காசு அடுக்குன மாதிரி ஆயிரும்.
கனம். சடக்குனு இறங்கிரும்.'

காசு அடுக்கு எனக்குத் தெரியாதா?
பதினேழு வருஷமாய் உள்ளங்கையில்
ஐந்து, இரண்டு, ஒன்று.
குன்றக்குடி வளைவில் பஸ் சாய்ந்தாலும்
சரியாத அடுக்கு.
ரத்தத்துக்கும் என் பழக்கமே வந்துவிட்டது போல.

போன ஆவணியில் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்.
சி.ஆர்.பி. நாற்பத்தொன்று.
திருப்பத்தூர் கட்டணக் கழிப்பறைக்காரர்
என் முகத்தைப் பார்த்ததும்
சில்லறை வாங்காமல் கதவைக் காட்டினார்.
மேலூருக்கு முன்னால் ஒரு கருவேலங்காட்டில்
நானே விசிலடித்து நிறுத்தினேன்.
ஐம்பத்தாறு பேரும்
எதிர்ப்பக்க ஜன்னலில் எதையோ பார்த்தார்கள்.
அங்கே வெறும் வயல்.
அந்த மரியாதையை
எந்தக் கணக்கில் எழுத?

இந்த முறை பன்னிரண்டு. சி.ஆர்.பி. நான்கு.
அல்புமின்கூட ஏறியிருக்கிறது.
ஒரு வரியும் தடித்த எழுத்தில் இல்லை.
தாளின்படி நான் நலம்.
அப்படியானால் நேற்று ராத்திரி
ஆறு முறை எழுந்து போனவன் யார்?

டாக்டர் சிரிக்கவில்லை.
அதுவே பாதி மருந்து.
'சில பேருக்கு ரத்தம் வாயத் திறக்காது.
மலத்தையே கேட்டுருவோம்.
மதுரையில கொண்டுபோய்க் குடுங்க.'

ஆக, என் வண்டியிலேயே என் டப்பா.
மூன்று கவர், மேலே ஒரு மஞ்சப்பை,
என் சீட்டுக்கு அடியில்.
'என்னண்ணே, தேன்குழலா?'
கியர் மாற்றிக்கொண்டே கேட்டான் சேவுகன்.
'ஆமாப்பா. வீட்டுல செஞ்சது.'

பிள்ளையார்பட்டி விலக்கு தாண்டியதும்
அதற்கொரு லக்கேஜ் டிக்கெட் போட்டேன்.
எங்கிருந்து, எது வரை என்று கேட்டது மெஷின்.
சட்டைப்பையிலிருந்து எடுத்துப்
பணப்பையில் போட்டேன் காசை.
செக்கர் ஏறினால் ஏறட்டும்.

மேலூர் வரைக்கும்
வயிறு ஒன்றும் சொல்லவில்லை.
டப்பாதான்
ஒவ்வொரு பிரேக்குக்கும்
என் காலைத் தொட்டுத் தொட்டு
உருண்டுகொண்டே வந்தது.