ஐம்பத்தொன்று

முக்கூடல் பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு அ பிரிவு.
சவுக்குக் கம்பு வேலிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் முகவர்கள்.
ஐம்பது சீட்டுக்கு ஒரு ரப்பர் வளையம்.
ராத்திரி ஒன்றரை மணி.
கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டை எண்ணுகிறவன்
அன்றைக்கு ஊராட்சித் தலைவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பூவாணிக்குளம் ஊராட்சி.
போன தடவை அங்கே தேர்தலே இல்லை.
கொடை முடிந்த மறுநாள் கோயில் வாசலில் ஏலம்:
பதினாலு லட்சம் ஒரு தரம், இரண்டு தரம்.
மூன்றாம் தரத்தில் தளவாய் தலைவரானார்.
கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். பொய் சொல்லக் கூடாது,
நல்ல பெயின்ட்.
அப்புறம் அஞ்சு வருஷம்
குழாயில் காற்று வந்தாலும் யாரும் போய்க் கேட்கவில்லை.
விலை கொடுத்து வாங்கினவனிடம்
என்ன கணக்குக் கேட்பது?

அந்தக் குளத்தை வெட்டினவன் ஒரு ராஜா.
அவனுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை,
அப்பனுக்குப் பிறந்தான், அவ்வளவுதான்.
குளம் இன்னும் நிற்கிறது, கார் சாகுபடி அதை நம்பித்தான்.
அதன் மடைக்கு ஒரு பலகை போட
ஓட்டு வாங்கி வந்த நாலு பேருக்கு நேரமில்லை.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஆனால் அந்த ராஜாவுக்குப் பிறந்தவன்,
அவனுக்குப் பிறந்தவன்
என்ன செய்தான் என்று படித்துறையில் எழுதவில்லை.
கல்வெட்டு
நல்ல ராஜாவோடு நின்றுவிடுகிறது.

தளவாய் அறுநூற்றுப் பதினொன்று.
முப்பிடாதி அறுநூற்றுப் பத்து.
செல்லாதது முப்பத்தேழு; அதில் ஒருவர்
இரண்டு பேருக்கும் குத்தியிருந்தார், பெரிய மனசு.
கரும்பலகையில் எழுதியாயிற்று.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேராச்சி,
முப்பிடாதியின் முகவர், பீடி சுற்றுகிறவள்:
"ஸார், ஏழாவது கட்டுல அம்பத்தொண்ணு இருக்கு."

"எப்படிம்மா சொல்லுதீய?"

"ஒங்க பெருவிரலு ஒரு தடவ வழுக்கிச்சு.
ரெண்டு தாளும் ஒரே சத்தம் போட்டுது.
நான் இருவத்தஞ்சு இருவத்தஞ்சா கட்டு போடுதவ.
ஒண்ணு கொறஞ்சா கூலியப் பிடிப்பாவ,
ஒண்ணு கூடினா வாயத் தொறக்க மாட்டாவ.
எண்ணிப் பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார்.
நான் ரப்பரைக் கழற்றினேன்.
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது.
முத்திரை மையில் ஒட்டிக்கொண்டு
கடைசித் தாளுக்குள் இன்னொரு தாள்.

சமம் என்றால் சட்டம் குலுக்கச் சொல்கிறது.
சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினோம்.
காவலுக்கு வந்த பெண் போலீஸ்
கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார்.
தளவாய்.

ஆயிரத்து இருநூறு பேர் வெயிலில் நின்று
முடிக்காததை ஒரு டப்பா முடித்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
முதலிலேயே குலுக்கியிருந்தால் பந்தல் செலவு மிச்சம்.
ஏலம் விட்டிருந்தால் கோபுரத்துக்கு இன்னொரு பூச்சு.

பேராச்சி சிரிக்கவில்லை.
படிவத்தில் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து வாசித்தாள்,
பிறகு கையெழுத்து.
"ஜெயிச்சது அவருதான், சரி.
வேண்டாம்னவங்க அறுநூத்துப் பதினொண்ணுன்னு
தாள்ல இருக்குல்லா.
ஏலத்துல அது எங்க இருந்துச்சி?"

அரக்கு உருக்கும்போது அதையே நினைத்தேன்.
வாள், வெட்டிய தலைகளை எண்ணுவதில்லை.
ஏலத்துக்கு நினைவிருப்பது கடைசி விலை மட்டும்.
தோற்றவர்களை எண்ணி, கையெழுத்து வாங்கி,
பெட்டியில் வைத்து முத்திரை போடுகிற முறை
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.
அதுவும் என்னை மாதிரி
தூங்கி வழிகிறவனை நம்பி.

தளவாய் மாலையோடு வெளியே வந்தார்.
காருக்குப் போகிற வழியில் நின்றார்.
"தெக்குத் தெருவுல தண்ணி வருதாக்கா?"
"காத்துதான் வருது."

ஐந்தேகால் பஸ்ஸுக்கு அவள் வேகமாக நடந்தாள்.
நேற்றைய பாக்கி
எழுநூறு பீடி.