இறங்கும்போது பேசிக்கிடலாம்

தொள்ளாயிரத்து இருபது கிராம் என்று
தராசைப் பார்த்து சிஸ்டர் சொன்னபோது
எனக்கு முதலில் நினைவு வந்தது
ஆயிரம் பீடிக்கான இலையும் தூளும்.
முக்கூடலில் கடைக்காரர் நிறுத்துப் போட
முறத்தில் வாங்கிக்கொண்டு வருவேனே,
ஏறக்குறைய அவ்வளவு.
அதற்கு ஒரு மூக்கு. பத்து விரல்.
பூனைக்குட்டிக்கும் கேட்காத ஓர் அழுகை.

ஏழாம் மாதமே வந்துவிட்டாள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெளிச்சத்தில்
கண்ணைக் கட்டிப் படுத்திருந்தாள்.
முழங்கை வரை கழுவிவிட்டு வா என்றார்கள்.
கழுவினேன். மறுபடி கழுவினேன்.
நகக்கண்ணில் புகையிலைக் கறை போகவில்லை.
தொடாமலே திரும்பி வந்தேன்.

ஐந்தாம் நாள் எனக்கு டிஸ்சார்ஜ்.
பிள்ளை உள்ளே, தாய் வெளியே.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டு ஓரம்
தையல் காயாத வயிற்றோடு
அட்டையை விரித்துப் படுத்தேன்.
மூன்று மணிக்கு ஒருதரம் பால் வேண்டுமாம்.
முக்கூடலுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே
எத்தனை மூன்று மணி?

அங்கேதான் வந்து நின்றார் சற்குணம்.
முப்பது வருசம் கண்டக்டர், பாபநாசம் வண்டியில்.
இப்போது ரோட்டுக்கு எதிர்ப்புறம்
யாரோ நாலு பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த வீட்டில்
குறைமாசப் பிள்ளை பெற்றவர்களுக்குப்
பாய்க்கும் சோற்றுக்கும் பஸ் காசுக்கும்
டோக்கன் கிழிக்கிறார்.
கிழிக்குமுன் விரல் நாக்குக்குப் போகும்;
ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து பாதியில் இறங்கும்.

கொம்பையா வாங்கமாட்டேன் என்றான்.
"செங்கச்சூளைல பாக்கி வரணும்.
வந்ததும் நாங்களே பாத்துக்கிடுவோம்."
சற்குணம் வாதாடவில்லை.
டோக்கன் முதுகில் எதையோ கிறுக்கி நீட்டினார்.
"மொதல்ல ஏறுங்க.
சில்லறைய எறங்கும்போது பேசிக்கிடலாம்."

பக்கத்துப் பாயில் ஏர்வாடி பல்கீஸ்.
அந்த வீட்டுப் பம்பில்
எனக்குச் சொட்டும். அவளுக்கு நிறையும்.
"ஒம் பாலு வெக்கப்படுது, முப்பிடாதி" என்பாள்.
பதினோராம் நாள் விடியுமுன்
அவள் பையன் போய்விட்டான்.

வண்டி வருவதற்குள்
பம்பை எடுத்து வைத்து உட்கார்ந்தாள்.
ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
"மாருக்கு யாரு போய் சொல்லுதது" என்றாள்.
இரண்டு குப்பி. பால் வங்கிக்கு.
பெயர் எழுத வேண்டாம் என்றாள்.
ஏர்வாடிக்கு சற்குணம் டோக்கன் கிழிக்கவில்லை.
தானே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு ஒரு மத்தியானம்
என் மகளின் மூக்குக் குழாயில் இறங்கிய பால்
யாருடையது என்று
அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அன்றுதான் அவளைத் தொட்டேன்.
உள்ளங்கால் என் கட்டைவிரல் நகத்தைவிடக்
கொஞ்சம்தான் பெரிது.

அப்புறம் கொம்பையா சட்டையைக் கழற்றி
வெறும் நெஞ்சில் அவளை ஏந்தினான்.
இருமல் வந்தபோதும் அடக்கினான்.
லோடு ஏற்றி ஏற்றிக் காய்த்த தோளில்
ஒரு வெள்ளைத் துணித் தொப்பி
மேலும் கீழும் போய் வந்தது.

நாற்பத்தாறாம் நாள். ஆயிரத்து எழுநூறு.
"எறங்குற எடம் வந்துட்டு" என்றார் சற்குணம்.
கொம்பையா பையைத் துழாவி
அந்த முதல் டோக்கனை எடுத்தான்.
"எம்புட்டுன்னு பாத்துச் சொல்லுங்க."
வேர்வையில் மை கரைந்து
நீலத் தடம் மட்டும் இருந்தது.
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.
"எழுத்து தெரியலியே.
தெரியாட்டி கண்டக்டர் என்னய்யா செய்யும்?"
அழிந்ததா, முதலிலேயே
ஒன்றும் எழுதவில்லையா,
இப்போதும் எங்களுக்குத் தெரியாது.

ஊர் வண்டியில்
மடியில் அவளை வைத்துக்கொண்டு
தற்செயலாக விரல்களைப் பார்த்தேன்.
நகக்கண் வெளுத்திருந்தது.
கறை வளர்ந்து, வெட்டி, எங்கோ போயிருந்தது.
அடுத்த மாதம் இலை வாங்கினால்
மறுபடி கறுக்கும்.

கறுக்கட்டும்.