தேய்ந்ததா, விழாததா

கூரை விளக்கை அணைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்,
அது எல்லாக் காசையும் அழகாக்கிவிடும்.
தாழ்வாக ஒரு மேசை விளக்கு, ஒரு கருப்புத் துணி.
கையுறை போடுவதில்லை, வழுக்கும்.
விளிம்பைப் பிடி, முகத்தைத் தொடாதே:
பத்து வருடத்தில் நான் கற்ற நாகரிகம் இவ்வளவுதான்.

பாசல் நகரம். ரைன் ஆற்றுக்கு முதுகு காட்டிய
ஏலக்கடையின் இரண்டாம் மாடி.
நாணயத்தின் நாணயம் பார்க்கும் உத்தியோகம்.
பழைய நாளில் இதற்கு வண்ணக்கன் என்று பேர்.
பெண்பால் தேடினேன், கிடைக்கவில்லை.
வண்ணக்கி என்று நானே வைத்துக்கொண்டேன்,
வரிப் படிவத்தில்தான் அதற்குக் கட்டம் இல்லை.

செவ்வாய், மழை.
லீஸ்டாலிலிருந்து திருமதி ஓபெரர் வந்தார்,
கைக்குட்டையில் சுற்றிய ஐந்து பிராங்க் வெள்ளியுடன்.
அமர்ந்திருக்கும் ஹெல்வேஷியா,
மலைகளை நோக்கி நீட்டிய கை.
பிரித்ததும் என் வயிறு சுருங்கியது,
அப்படி ஒரு பளபளப்பு.

வெள்ளிக்கு ஒரு நடை உண்டு. சாய்த்தால்
சக்கரத்தின் ஆரம்போல் ஒளி நடுவிலிருந்து சுழன்றோடும்.
இதில் ஓடவில்லை.
எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம்,
சற்றுமுன் விளக்கிய பல்போல.
லென்ஸில் ஆயிரம் மயிரிழைக் கீறல்,
எல்லாம் ஒரே சாய்வு. வலது கைக்காரர்.

"எதனால் தேய்த்தீர்கள்?"
"பற்பசை. நேற்று ராத்திரி.
நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு
அழுக்காகவா கூட்டிக்கொண்டு வருவது?"

நூற்றுச் சொச்சம் வருடம்
காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிய கருநீலம்.
செய்தி முடிவதற்குள் கழுவிவிட்டிருக்கிறார்.

மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்றேன்.
கைக்குட்டையை நான்காக மடித்தார்,
மறுபடி விரித்தார்.

"இன்னொன்று இருக்கிறது. காட்டவே வெட்கம்."
தையல் மெஷின் இழுப்பறையில்
ஊசி டப்பாவுக்கு அடியில் கிடந்ததாம்.
கருவாட்டு நிறம்.
அதே ஹெல்வேஷியா, அதே மலை,
நீட்டிய கையில் மட்டும் விரல்கள் இல்லை.
"பாவம், தேய்ந்துபோய்விட்டாள்" என்றார்.
பக்கத்து மேசை யூர்ஸினாவும் தலையசைத்தாள்.

சாய்த்தேன்.
தேய்ந்த இடம் செத்த மீனின் கண், சாம்பல், வழவழப்பு.
இங்கே கருமைக்கடியில்
மழுங்கல் மேலேயும் ஒளி தடுக்காமல் ஓடியது.
இன்னும் கிட்டப் போனேன்.
அச்சு இறங்குவதற்கு முன்பே தகட்டில் இருந்த பொடிக் குழிகள்
விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில்
அப்படியே இருந்தன.
சரியான அடி விழுந்திருந்தால் நசுங்கி மறைந்திருக்கும்.

"தேயவில்லை, அம்மா.
இந்தக் கைக்கு விரல்கள் வரவே இல்லை."
அன்று நாணயசாலையில் யாரோ
இரண்டு அச்சுக்கும் நடுவே ஒரு முடியளவு
இடைவெளி கூட்டி வைத்துவிட்டார்கள்.
வெள்ளி பள்ளத்தில் ஏறி நிரம்பாமல் நின்றுவிட்டது.
அதற்குப் பிறகு இவளை யாரும் தொடவில்லை.

என் சான்றிதழில் பௌதிகத்துக்கு நேரே ஒரு கோடு இருக்கிறது.
தோற்றேன் என்றே இந்த ஊர் அலுவலகங்கள் வாசித்தன.
அந்தப் பரீட்சை நடக்கவேயில்லை,
மண்டபத்தில் அகதிகள் படுத்திருந்தார்கள்.

அதைத் திருமதி ஓபெரரிடம் சொல்லவில்லை.
அட்டையில் எழுதினேன்:
மென் அச்சு, நீட்டிய கையில். மேற்பரப்பு அசல். கழுவப்படாதது.
தொகையைப் பார்த்தவர் கேட்டார்,
"விரல் இல்லாதவளுக்கா இவ்வளவு?"

கறுத்ததை எங்களிடம் விட்டுவிட்டு
வெளுத்ததைக் கூட்டிக்கொண்டு போனார்.
டிராம் நிறுத்தத்தில், குடைக்கடியில்,
வெளியே எடுத்துக் கட்டைவிரலால் தேய்க்கிறார்,
முகத்தின் மேலேயே.
யூர்ஸினா ஜன்னலைத் தட்டப் போனாள்.
விடு என்றேன்.

டிராம் வந்தது. எத்தனையாம் எண் என்று தெரியவில்லை,
லென்ஸ் இன்னும் கண்ணிலேயே இருந்தது.