ஒரு ஈட்டுக்குப் பதினாலு

படிவத்தில் இரண்டே கட்டம்.
சுற்றுலாவால் உங்களுக்கு நன்மை.
சுற்றுலாவால் உங்களுக்குத் தீமை.
ஏதாவது ஒன்றில் டிக் அடிங்க என்கிறார்
அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ரெஹானா மேடம்.
என் வயதுதான் இருக்கும்.
இருபது வளைவும் முகர்ந்து முகர்ந்து
வதங்கிய எலுமிச்சை ஒரு கையில்,
பேனா மறு கையில்.
என் இரண்டு கையிலும் கடலைமாவு.

பகோடா பாயின்ட்டில் ஏழாவது கடை என்னுடையது.
மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, பிரெட் பஜ்ஜி.
மலர்க் கண்காட்சி ஞாயிறு ரெண்டு வந்தால்
மகளின் ஹாஸ்டல் பணம் கட்டிவிடுவேன்.
நன்மை என்று போடுங்கள் மேடம்.

இருங்கள்.
அதே மாதிரி ஒரு ஞாயிற்றில்தான்
கொட்டச்சேட்டிலிருந்து என் நாத்தனாரை
ஆம்புலன்சில் இறக்கினோம்.
மேலேறும் கார், கீழிறங்கும் கார்,
நடுவில் செல்ஃபி எடுக்க நிறுத்திய கார்.
சேலம் வரை பொறுக்காமல்
வழியிலேயே பிறந்துவிட்டான்.
ரேஷன் கார்டில் இளம்பரிதி.
ஊருக்குப் பதினொண்ணாம் வளைவு.

மேடம் சிரிக்கிறார், பேனாவை மூடித் திறக்கிறார்.

போன வாரம் காட்டெருமைச் சாணியில்
சிப்ஸ் பாக்கெட் ஒன்று பார்த்தேன்.
வெள்ளித்தாள் நைந்துகூடப் போகவில்லை,
விலை படிக்க முடிந்தது. பத்து ரூபாய்.
நான் விற்றதாகவும் இருக்கலாம்.

நாகலூர்ப் பக்கம் புது விடுதி வந்தபின்
எங்கள் ஊற்றில் குடத்தைப் படுக்கவைத்துத்தான் மொள்ள வேண்டியிருக்கிறது.
முன்பெல்லாம் நின்றபடியே அமிழும்.
அங்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டு நீந்தலாமாம்.
அதுவும் இதுவும் தொடர்பா என்று
அளக்க வந்தவர்களுக்கும் தெரியவில்லை.
அண்ணன் மகன் அங்கேதான் அறை துடைக்கிறான்.
பன்னிரண்டாயிரம், ஒன்றாம் தேதி தவறுவதில்லை.

‘தாங்குதிறன்’ என்று ஒரு சொல் சொல்கிறார் மேடம்.
மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று
சூத்திரம் போட்டுக் கணக்கிடலாமாம்.

எனக்குச் சட்டிக் கணக்குதான் தெரியும்.
இதற்கு ஒரு ஈடு பதினாலு.
கூட்டம் நெருக்கி, ஆசையில் இருபது போட்டிருக்கிறேன்.
சூடு இறங்கிவிடும்,
மாவு எண்ணெய் குடிக்கும்,
பிட்டால் உள்ளே வேகாமல் ஒட்டும்.
கூடப் போட்ட ஆறு மட்டுமில்லை மேடம்
இருபதும் கெடும்.

அதற்காக அடுப்பை அணைக்கச் சொல்லாதீர்கள்.
ஐப்பசியில் மண் சரிந்து பாதை மூடிய பத்து நாள்
ஏரி ரோட்டில் எருமைகள் உலாத்தின.
ஊற்றில் குடம் நின்றபடி அமிழ்ந்தது.
எவ்வளவு அழகு என்று போனில் பார்த்துச் சொன்னார்கள்
கீழே இருந்தவர்கள்.
எட்டாம் நாள் தோட்டை அடகு வைத்தேன்.

கிராமசபையில் இதையெல்லாம் பேசினேன்.
அடிவாரத்திலேயே வண்டியை எண்ணி விடுங்கள்,
விடுதி போர்வெல்லுக்கு மீட்டர் வையுங்கள்,
பாட்டிலுக்கு முன்பணம் வாங்குங்கள்,
திருப்பிக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள்.
டாக்ஸி ஸ்டாண்ட் சகாயராஜ் எழுந்து
முதல்ல உன் கடையை மூடு என்றான்.
அவனுக்கும் இரண்டு தவணை பாக்கி.
மூடமாட்டேன், முறை வைப்போம் என்றேன்:
ஞாயிறானால் ஏழில் ஐந்து கடைதான்.
சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.
முதல் விடுப்பு எனக்கே விழுந்தது.
சகாயராஜ் மேசையைத் தட்டிச் சிரித்தான்.
மற்ற தீர்மானம் நோட்டில் இருக்கிறது.
நோட்டு பீரோவில் இருக்கிறது.

வெந்து இறங்குவதும் ஈடு.
தோட்டை வைத்ததும் ஈடு.
இழந்ததற்குத் தருவதும் ஈடுதான்.
எதற்கு எது ஈடு என்று
உங்கள் தாளில் கட்டம் இல்லை.

மேடம் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.
இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டின்மேல்
சின்னதாக ஒரு டிக்.
அதன்மேல் என் எண்ணெய் விரல் பட்டுப்
பெரிதாகிக்கொண்டே போனது கறை.

ஒரு பிளேட் குடுங்க என்றார்.

பொறுங்க மேடம்,
இந்த ஈடு இறங்கட்டும்.